மார்கழிக்குள்ள ஒரு காரு

ஐப்பசி பொறந்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. காபி டம்ளரை டேபிள்ல 'ணங்'குன்னு வச்சுட்டு தங்கமணி சொன்னாங்க. "ஏங்க, வாங்குறதா இருந்தா கார்த்திகைக்குள்ள வாங்கிருங்க. மார்கழி பொறந்துட்டா புது வண்டி வாசலுக்கு வரக்கூடாது. தை வரைக்கும் தள்ளுனீங்கன்னா அந்தக் காசுல நான் மாடியில ரூமு எடுத்துருவேன்."

மேட்டர் என்னன்னா, நமக்கு ஒரு விளையாட்டு காரு வேணும். விளையாட்டுன்னா பொம்மைக் கார் இல்லீங்க, ஸ்போர்ட்ஸ் கார். நாப்பத்திமூணு வயசு, தேனியில பம்ப்செட் கடை, முன்மண்டையில பாதி முடி காலி. இந்த ஆளுக்கு எதுக்குய்யா ஸ்போர்ட்ஸ் கார்னு நீங்க கேக்குறது கேக்குது. வீட்டுலயும் கேட்டாய்ங்க. ஞாயித்துக்கிழமை மலைக்கு ஏறிட்டு வர, வருசத்துல ரெண்டு மூணு தடவை கோயமுத்தூர் ட்ராக்ல போய் ஆசை தீர ஓட்ட. அவ்வளவுதான்.

குளிர்நாட்டுக்காரங்க இந்த மாதிரி காரை பனி விழறதுக்கு முன்னாடி வாங்குவாங்களாம். கூரை தொறந்த வண்டியை வச்சிருக்கவன் குளிர்ல அதை வச்சு என்ன பண்றதுன்னு வித்துடுவான், விலை இறங்கும். நம்மூர்ல பனியும் கிடையாது, கூரை தொறந்தா மண்டை பிளக்குற வெயில். ஆனா நமக்கும் ஒரு கெடு இருக்கு. ஐப்பசியில மழை பிடிச்சுச்சுன்னா போடிமெட்டு ரோட்டுல எங்க மரம் விழும், எங்க பாறை உருளும்னு தெரியாது. கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டுட்டாய்ங்கன்னா கம்பம் பள்ளத்தாக்கு பூராவும் சாமிமாருங்க வண்டிதான். போறவுக கம்பம்மெட்டு வழி, திரும்புறவுக குமுளி வழின்னு போலீஸ் பிரிச்சு விட்டாலும் தை வரைக்கும் ரோட்டுல எறும்பு வரிசை. நடுவுல மார்கழி. ஆக மொத்தம் மிச்சம் இருந்தது ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி.

கையில இருந்தது ஆறு லட்சம். இதை வச்சு ஸ்போர்ட்ஸ் காரான்னு சிரிக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன், ஏன்னா இந்தக் கதை அங்கதான் ஆரம்பிக்குது.

எங்கப்பா ஜீப் டிரைவர். போடியில இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற மஹிந்திரா ஜீப். முப்பது வருசம். விடிய அஞ்சு மணிக்கு ஜீப் நிறைய பொம்பளைங்க, தூக்குச்சட்டி, கம்பளி, கொக்கியோட கிளம்பி மெட்டு ஏறுவாரு. சாயங்காலம் அதே கூட்டத்தை இறக்கிக் கொண்டாந்து விடுவாரு. முந்தல் தாண்டினா பதினேழு கொண்டை ஊசி வளைவு. அதுல ஏறி இறங்கியே எங்க மூணு பேரையும் படிக்க வச்சாரு. இப்ப எழுபத்திமூணு வயசு. ஒரு கண்ணுல ஆபரேசன் ஆயிருச்சு, லைசென்ஸை பீரோவுக்குள்ள பத்திரமா வச்சிருக்காரு.

அவரு மகன் நானு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை. என்கிட்ட அப்ப 2008 மாடல் ஸ்விஃப்ட், பழைய 1.3 லிட்டர் பெட்ரோல். கூவுற எஞ்சின் அது. விடியக்காலம் மெட்டுக்குப் போய் ஒரு டீயைக் குடிச்சுட்டு இறங்குறேன். ரோடு காலி, பனிமூட்டம் விலகிருச்சு, பாட்டு வேற. மூணாவது கியர்ல இறங்கி வளைவு வந்தா பிரேக், திருப்பு, மறுபடி மிதி. நாலு வளைவு சூப்பரா போச்சு. அஞ்சாவதுல பிரேக்கை மிதிச்சா பெடல் மெத்துன்னு கீழ போகுது. வண்டி வேகம் குறையல. வளைவுக்கு அந்தப் பக்கம் ஜீப் ஏறி வருது.

என்ன பண்ணேன்னு இப்பவும் சரியா ஞாபகம் இல்ல. கியரை ரெண்டுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஓடைக்குள்ள இடது சக்கரத்தை விட்டேன். ஜீப்புக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண் இருந்திருக்கும். ஜீப்காரரு இறங்கி வந்தாரு. கத்துவாருன்னு பாத்தேன். கத்தல. என் முகத்தையே பாத்துட்டு, "தம்பி, உள்ள பதினாலு பேரு இருக்காக"ன்னாரு. அவ்வளவுதான். பின்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா தூக்குச்சட்டியை ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தாக. அந்தக் கை இன்னும் கண்ணுல நிக்குது.

நம்ம ஊருல எதுவும் மறைக்க முடியாதே. அன்னைக்கு மதியமே அப்பாவுக்குச் சேதி போயிருச்சு. ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாம் நாள் திண்ணையில கூப்பிட்டு உக்கார வச்சாரு.

"பெடலு கீழ போச்சா?"

"ஆமாப்பா."

"எந்த கியர்ல இறங்குன?"

"மூணு."

"ஏறும்போது?"

"ரெண்டு."

"அப்பறம்?"

அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லயே இறங்குங்கறது மலை டிரைவருக்கு மொதப்பாடம். எஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும், பிரேக்குக்கு வேலை கம்மி. நான் செஞ்சது நேர்மாறு. விடாம மிதிச்சு மிதிச்சு டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போயிருச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும் சாமான். வருசக்கணக்கா மாத்தாம விட்டா தண்ணி சேர்ந்து, சீக்கிரமே கொதிக்க ஆரம்பிச்சிரும். கொதிச்சா குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதான் பெடல் மெத்துன்னு போறது. பம்ப்செட் விக்கிறவனுக்கு பைப்புல காத்து அடைச்சா என்னாகும்னு தெரியாதா என்ன? தெரியும். ஆனா பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சே.

அந்த வாரமே தங்கமணி சட்டம் போட்டாங்க. மலையில மாமா ஓட்டுன மாதிரி ஓட்டணும். வேகம் வேணும்னா அதுக்குன்னு இருக்குற இடத்துக்குப் போயி ஓட்டணும்.

அதுக்குன்னு இருக்குற இடம் நமக்குப் பக்கம்னா கோயமுத்தூர் செட்டிப்பாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே. தேனியில இருந்து வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சின்னு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். 2003-ல தொறந்தாங்க, ஒரு சுத்து 2.1 கிலோமீட்டர். கரின்னா யானையோ நிலக்கரியோ இல்ல, கரிவரதன். மாருதி 800 எஞ்சினைத் தூக்கி ஒத்தை ஆள் ரேஸ் வண்டியில வச்சு, 'ஃபார்முலா மாருதி'ன்னு சாமானியனுக்கு எட்டுற ரேஸை 1980கள் கடைசியில கொண்டாந்த மனுசன். நாராயண் கார்த்திகேயன் எல்லாம் அந்த வண்டியில பழகிட்டுப் போய்தான் 2005-ல ஃபார்முலா ஒன் ஓட்டினாரு. கரிவரதன் 1995-ல சின்ன விமானம் ஒண்ணு விழுந்து இறந்துட்டாரு. அவரு பேருல இருக்குற ட்ராக்ல என் ஓட்டை ஸ்விஃப்டை ஓட்டுனப்ப கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

போன வருசம் ஒரு ட்ராக் டேக்கு போனேன். ஹெல்மெட், முழுக்கை சட்டை, ஷூ. காசு கட்டி, கையெழுத்துப் போட்டு உள்ள போகணும். ஒண்ணு சொல்லிக்கிறேன், நம்ம சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிங்க, பந்தயம், வேகச்சோதனைக்கு ஓட்டினா செல்லாதுன்னு போட்டிருக்கும். இடிச்சா நம்ம காசுதான். சரி, ஓட்டுனேன். நாலாவது சுத்துல அதே மெத்து. பெடல் கீழ. எனக்கு வயித்துக்குள்ள அந்தச் சனிக்கிழமை வந்துட்டுப் போச்சு. ஆனா எதிர்ல ஜீப் இல்ல, தூக்குச்சட்டி இல்ல. ஓரத்துல மண்ணு. நேரா மண்ணுக்குள்ள விட்டேன், புழுதி கிளம்புச்சு, வண்டி நின்னுச்சு. கொடி பிடிச்சிருந்த பையன் கையைக் காட்டிச் சிரிச்சான். அதே தப்பு, அங்க சிரிப்பு. நானும் சிரிச்சுட்டேன். கையி மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு.

ஸ்விஃப்டை வித்துட்டேன். இப்ப வேண்டியது ரெண்டு வேலை செய்யிற வண்டி. மலையில முப்பது, நாப்பதுல போகும்போதே சந்தோசம் குடுக்கணும். ட்ராக்ல காலை முதல் சாயங்காலம் வரை அடி வாங்கணும். நூத்தம்பதுல போனாதான் கிக்குங்கற வண்டி நமக்கு ஆகாது. அந்த வேகத்துக்கு போடிமெட்டுல எங்க இடம் இருக்கு? மேகமலைக்கும் அதே கதை. சின்னமனூர்ல இருந்து பதினெட்டு வளைவு, ஒவ்வொண்ணுக்கும் பூப்பேரு. தென்பழனியில வனத்துறை கேட் ராத்திரி தொறக்காது. 2021-ல இருந்து புலிகள் காப்பகம் வேற. அங்க போய் உறுமிக்கிட்டு ஓட்டுனா புலி வந்து கேக்கும்.

நிஜ ஸ்போர்ட்ஸ் கார்னு உலகமே சொல்ற சின்ன ரெண்டு சீட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 நம்ம நாட்டுல அதிகாரப்பூர்வமா வித்ததே இல்ல. கோவாவுல 'ஸ்டார்ம்'னு ரெண்டு சீட்டு வண்டி ஒண்ணு செஞ்சாங்க, ஃபைபர் பாடி, ரெனோ 1.2 லிட்டர் எஞ்சின். அழகு. ஆனா கதவுக் கைப்பிடி உடைஞ்சா எங்க போய் தேடுறது? பழைய மினி கூப்பர் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. தேனி பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்க தெருவுக்குள்ள நுழையிறதுக்குள்ள ஏழு ஸ்பீடு பிரேக்கர், அதுல ரெண்டு ஊர்க்காரங்களே போட்டது. ஏழாவதுல வண்டியோட அடிவயிறு அங்கயே தங்கிரும்.

பழைய ஹோண்டா சிட்டி விடெக், 106 குதிரை. இதைப் பத்தி பேசுனா ரேஸ் பயலுகளுக்கு கண்ணு கலங்கும். எனக்கும் கலங்குச்சு. மதுரையில ஒண்ணு பாத்தேன். 2001 மாடல். மேட்டைத் தூக்கினா தரை துருப்பிடிச்சு ரோடு தெரியுது. வேணாம்.

அபார்த் புன்ட்டோ, 2015-ல வந்தது, 145 குதிரை. ஸ்டீயரிங் கையில பேசும்பாங்க, உண்மைதான். ஆனா கனம் ஜாஸ்தி, ஃபியட் 2019-லயே நம்ம நாட்டுல கடையைக் கட்டிருச்சு. போலோ ஜிடி டிஎஸ்ஐ நல்லா இழுக்கும், ஆனா ஆட்டோமேட்டிக் கியர். நான் கிளட்ச் மிதிச்சே வளந்தவன். 2020-ல வந்த 1.0 மேனுவல் போலோவுக்கு, 2022-ல உற்பத்தியை நிறுத்தினதுல இருந்து விக்கிறவன் தங்க விலை சொல்றான். ஐ20 என் லைன், 120 குதிரை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். ஒழுங்கான கிளட்ச் வச்ச மேனுவல் 2023-லதான் வந்துச்சு, அதுக்கு நம்ம ஆறு லட்சம் பத்தாது.

நடுவுல பக்கத்துக் கடை அண்ணன், "பேசாம தார் வாங்குப்பா, கெத்தா இருக்கும்"னாரு. எங்கப்பா முப்பது வருசம் ஜீப் ஓட்டினாருண்ணே, அந்தக் கெத்தெல்லாம் வீட்டுல தீந்துபோச்சுன்னேன்.

கடைசியில ரெண்டு. பலேனோ ஆர்எஸ், டியாகோ ஜேடிபி.

பலேனோ ஆர்எஸ் 2017-ல வந்து 2020-ல நின்னு போச்சு. 102 குதிரை, லேசான உடம்பு, பின்னாடியும் டிஸ்க். தேனியிலயே சர்வீஸ். தங்கமணி ஓட்டு அதுக்குத்தான், டிக்கியில காய்கறி, அரிசி மூட்டை எல்லாம் போகும். புத்தி அதைத்தான் சொல்லுச்சு.

மனசு டியாகோ ஜேடிபி பக்கம். 2018 அக்டோபர்ல 6.39 லட்சத்துக்கு வந்த வண்டி. வெளியில பாத்தா ஊர்ல டாக்ஸியா ஓடுற அதே டியாகோ. உள்ள 1.2 டர்போ, 114 குதிரை, அஞ்சு கியர், வேற சஸ்பென்சன். இதைச் செதுக்குனது கோயமுத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். டாட்டாவும் அவங்களும் சேர்ந்து போட்ட கம்பெனி. பிஎஸ்-6 விதி வந்த 2020-லயே முடிஞ்சு போச்சு, அதனால ரோட்டுல அதிகம் பாக்க முடியாது. கரி ட்ராக் இருக்குற ஊருல செஞ்ச காரு, கரி ட்ராக்குக்கே போகணும்னா வேற என்ன பொருத்தம் வேணும்?

சென்டிமென்ட் மட்டும் இல்லீங்க, சட்டப் பொருத்தமும் இருக்கு. 2019 சனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, கம்பெனி குடுத்த அமைப்பை மீறி வண்டியை மாத்தக்கூடாதுன்னு. நாமளா டர்போ மாட்டி, ஸ்பிரிங் வெட்டி, சைலன்சர் மாத்தினா ஆர்டிஓ கூப்பிட்டு வச்சுப் பேசுவாரு. இது கம்பெனியே கெடுத்துக் குடுத்த வண்டி. ஆர்சி புக்குல என்ன இருக்கோ அதுதான் வண்டியில இருக்கு. :)

ஒரே ஒரு உறுத்தல். பின்னாடி ட்ரம் பிரேக். பெடல் கீழ போனவனுக்கு அந்த ட்ரம்மைப் பாத்தா தூக்கம் வருமா?

பொள்ளாச்சியில ஒருத்தர்கிட்ட 2019 மாடல் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டுப் போனேன். அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். நான் பானெட்டைத் தொறந்து டர்போ எங்க, பைப்பு எங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அவரு வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து, குத்தவச்சு உக்காந்து பின்சக்கரத்துக்குள்ள எட்டிப் பாத்தாரு.

"ட்ரம்மு."

"ஆமாப்பா. அதான் யோசனையா இருக்கு. இன்னொரு வண்டிக்கு நாலும் டிஸ்க்."

"என் ஜீப்புக்கு நாலும் ட்ரம்மு"ன்னாரு. எந்திரிக்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டாரு. "முன்னாடிதான்ப்பா பாரம் பூரா போகுது. ஆயிலு எப்ப மாத்துனாருன்னு கேளு."

இதைத்தான் நானும் ரெண்டு மாசமா படிச்சுக்கிட்டு இருந்தேன். பிரேக் அடிச்சா வண்டியோட கனம் முன்னாடி சாயும், வேலையில பெரும்பகுதி முன்சக்கரத்துக்குத்தான். எங்களுக்கு ஆகாதது பின்னாடி ட்ரம் இல்ல, பழைய ஆயிலும் தேஞ்ச பேடும்தான். படிச்சவன் ரெண்டு மாசம் குழம்பினதுக்கு அவரு குத்தவச்சு ஒரு நிமிசத்துல பதில் சொல்லிட்டாரு. ஓனரு ஆயில் மாத்துனதே இல்லையாம். நல்ல மனுசன், பொய் சொல்லல.

நாலே முக்காலுக்கு முடிஞ்சது. மிச்சத்துல புது பிரேக் ஆயில், சூடு தாங்குற பேடு, நாலு டயர், ஒரு நல்ல ஹெல்மெட். டயருக்கு ரெண்டு தடவை யோசிக்காதீங்க, ட்ராக்ல ஒரே நாள்ல ஓரம் உரிஞ்சு போகும். ஐப்பசி இருபத்தி எட்டு, நல்ல நேரம் பாத்து எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு. பெரியகுளம் தாண்டும்போது பிடிச்ச மழை வீடு வரைக்கும் விடல. மாடி ரூமு அடுத்த வருசம்னு எழுதிக் குடுத்திருக்கேன்.

மறு சனிக்கிழமை, அதே விடியக்காலம், அப்பாவை ஏத்திக்கிட்டு போடிமெட்டு. முந்தல் தாண்டி மொத வளைவுலயே முன்னாடி ஒரு ஏலத்தோட்ட ஜீப். பின்னாடி ஆறு பொம்பளைங்க எங்களைப் பாத்தபடி உக்காந்திருந்தாக. முந்தறதுக்கு நாலு தடவை இடம் கிடைச்சுச்சு. முந்தல. ரெண்டாவது கியர், பதினேழு வளைவு, ஜீப்புக்குப் பின்னாடியே. ஒவ்வொரு வளைவுலயும் ஸ்டீயரிங்கைத் திருப்பி லேசா மிதிச்சா டர்போ உஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுட்டு இழுக்குது பாருங்க.. ஸ்பீடாமீட்டர் முப்பத்தஞ்சைத் தாண்டல, எனக்கு பல்லு பூரா வெளிய. இடது பக்கம் எட்டிப் பாத்தா அப்பாவோட வலது காலு ஒவ்வொரு வளைவுக்கும் மிதியடியை அமுக்கிக்கிட்டு இருக்கு. என்னைய விட ஒரு நொடி முன்னாடியே.

மெட்டுல டீ சொல்லிட்டு நின்னோம். நல்ல பனி. தேனிப் பக்கம் ஒண்ணுமே தெரியல. இறங்கும்போதும் ரெண்டாவது கியர்தான்ப்பான்னு நானே சொன்னேன். தலையை ஆட்டினாரு. டீயைப் பாதி குடிச்சுட்டுக் கேட்டாரு.

"ஏப்பா, அந்த கோயமுத்தூரு வட்டத்துக்கு எப்ப போற?"

"தையிலப்பா. ஏன்?"

"பக்கத்துல உக்காந்து வாறவுகளுக்கும் ஹெல்மெட் குடுப்பாய்ங்களா?"